உடல் ஒன்று, நோயும் ஒன்று

நம்பிக்கையாளர் சமுதாயத்தை ஓர் உடலுக்கு ஒப்பிட்டுப் பெருமானார் (ஸல்) அவர்கள் மொழிந்த நபிமொழியை அறியாதார் நம்மில் அரியர். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளிலும் இடம் பெற்ற அந்நபிமொழி, ஓர் உறுப்பு நோயுற்றால் ஏனைய உறுப்புகள் காய்ச்சலாலும் உறக்கமின்மையாலும் அதன் துன்பத்தில் பங்கு கொள்கின்றன என்னும் கருத்தை உடையது. ஜுமுஆ மேடைகளில் இதனைச் சமுதாய ஒற்றுமைக்குச் சான்றாகவே எடுத்தோதி வருகிறோம். அது முறையே. ஆயினும், பொருளைப் போற்றும் நாம் உவமையாக வந்த உடலை உற்று நோக்குவதில்லை. உவமை உண்மையாய் இருப்பதனால் அன்றோ அதனால் விளக்கப்படும் பொருளும் உறுதி பெறுகிறது?

உடலின் ஒரு கோடியில் தோன்றிய தீங்கு மறுகோடியைச் சென்று தொடுவது மெய்யாகவே நிகழ்வதுதான். வாயில் ஒரு புண்ணாகத் தொடங்கி, மறைவுறுப்பை வருத்தி, கண்ணைக் கலக்கி, ஆண்டுகள் சில கழிந்தபின் சிலருக்கு மூளையையே சென்றடையும் நோய் ஒன்று உண்டு. சிதறிக் கிடந்த அதன் அடையாளங்களைக் கோத்து, இது ஒரே நோய் என்று உலகுக்கு உரைத்தவர் இஸ்தம்பூல் நகரத்து முஸ்லிம் மருத்துவர் ஒருவர். அவர் பெயராலேயே அந்நோய் இன்று உலகெங்கும் வழங்குகிறது. ஆனால் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் அப்பெயரை அறிந்தார் மிகச் சிலரே. அவர் கண்டது யாது, அவர் கண்ட நோய் மூளைக்குச் சென்றதை மருத்துவ உலகம் எவ்வாறு உணர்ந்தது, அவ்வரலாறு நம் இல்லங்களுக்கு ஏன் வேண்டும் என்பனவற்றை முறையே காண்போம்.

முன்னோர் கண்ட முஷாரகத்

ஹகீம் இப்னு ஸீனா (கி.பி. 980–1037) இயற்றிய 'அல்கானூன் ஃபித்திப்' ஐந்து பாகங்கள் கொண்ட பெருநூல். 12ஆம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் கிரமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு என்பார் அதனை இலத்தீனில் பெயர்த்தபின், ஐரோப்பிய மருத்துவக் கல்லூரிகள் பல நூற்றாண்டுகள் அதனைப் பாடநூலாகக் கொண்டிருந்தன. அந்நூலின் மூன்றாம் பாகம் தலை தொடங்கிக் கால் வரை உறுப்பு உறுப்பாக நோய்களை விவரிக்கிறது. அதன் முதற் பகுதியே தலையையும் மூளையையும் பற்றியது.

மூளையிலோ அதனைப் போர்த்துள்ள உறைகளிலோ உண்டாகும் வெப்ப வீக்கத்தை அங்கே அவர் 'ஸிர்ஸாம்' என்னும் பெயரால் குறிக்கிறார். அது பாரசீகச் சொல். 'ஸர்' என்பது தலை; 'ஸாம்' என்பது வீக்கம். காய்ச்சல், தலைநோவு, பிதற்றல், அறிவு தடுமாறல் ஆகியன அதன் அடையாளங்கள். வாய் நோய்களைப் பேசும் வேறோர் இடத்தில் வாய்ப்புண்ணை 'குலாஃ' என்னும் அரபுப் பெயரால் விவரிக்கிறார். இவ்விரு நோய்களும் நூலில் வெவ்வேறு இடங்களில் அமர்ந்துள்ளன. இவற்றைத் தொடுக்கும் நோய் ஒன்று உண்டென்று அக்காலத்தார் அறிந்திருந்தனர் என நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது முன்னோரைப் புகழ்வதாகாது, வரலாற்றைத் திரிப்பதாகும்.

அவர்கள் அறிந்திருந்தது வேறொன்று. மூளை தானே நோயுறுவது ஒரு வகை. வேறோர் உறுப்பின் நோயில் பங்காளியாகி நோயுறுவது மற்றொரு வகை. இரண்டாவதனை 'முஷாரகத்' வழியாக வந்த நோய் என்றனர். யவன மருத்துவர் ஜாலீனூஸ் எழுதியவற்றில் வேர் கொண்டு, அரபு நூல்களில் கிளைத்த கருத்து இது. 'முஷாரகத்' என்னும் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. ஃபிக்ஹு நூல்களில் கூட்டு வணிகத்துக்கு வழங்கும் 'ஷிர்கத்' என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்ததே அது. கொண்டுவிற்று வாழ்ந்த சமுதாயத்தாராகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கூட்டுக் கடையில் ஒரு பங்காளிக்கு நேர்ந்த இழப்பு மற்றவர் கணக்கிலும் ஏறும். ஒருவர் ஏட்டை மட்டும் புரட்டிப் பார்த்து, கடையின் நிலை இதுவென்று கூற எவராலும் இயலாது.

மூளைக்கு நோய் ஏறும் வழியாக அவர்கள் கருதிய நீர்களும் ஆவிகளும் பிற்கால ஆராய்ச்சியில் நிலைக்கவில்லை. ஆனால், 'மூளை வருந்தக் கண்டால் மற்றைய உறுப்புகளையும் வினவுக' என்னும் நெறி நிலைத்தது. இன்றைய மருத்துவர் ஒரு நோயில் மூளையும் பங்கு கொண்டது என்று கூறுமிடத்து ஆளும் கருத்தும் அந்த முஷாரகத்தே எனலாம்.

நோய்களைப் பகுத்தறிவதில் முன்னோர் பெற்றிருந்த திறனுக்கு இன்னொரு சான்று ஹகீம் ராஸி (865–925) அவர்கள். பெரியம்மையையும் தட்டம்மையையும் ஒன்றெனக் கருதி மயங்கியோரிடையே, அவ்விரண்டும் வெவ்வேறு எனத் தனிநூல் எழுதி நிறுவியவர் அவர். ஒன்றுபோல் தோன்றியதை இரண்டெனக் காட்டினார் ராஸி. பலவாகத் தோன்றியதை ஒன்றெனக் காட்ட ஆயிரம் ஆண்டுகள் கழித்து மற்றொருவர் வர வேண்டியிருந்தது.

இஸ்தம்பூல் மருத்துவர்

ஹுலூஸி பெஹ்ஜெத் 1889 பிப்ரவரி 20ஆம் நாள் இஸ்தம்பூலில் பிறந்தார். அரபு அறிந்தார்க்கு இப்பெயரின் இரு சொற்களும் அயலானவை அல்ல. துருக்கியர் 'ஹுலூஸ்' என்று ஒலிப்பது நாம் 'இக்லாஸ்' என வழங்கும் சொல்லோடு உறவுடையது, உளத்தூய்மையைக் குறிப்பது. 'பெஹ்ஜெத்' என்பது 'பஹ்ஜத்' என்னும் அரபுச் சொல். மகிழ்வு, பொலிவு என்று பொருள்படும். 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் துருக்கியர் அனைவரும் குடும்பப் பெயர் ஒன்று பூண வேண்டி வந்தபோது, தந்தையார் அஹ்மத் பெஹ்ஜெத் அவர்களின் பெயரையே இவர் தம் குடும்பப் பெயராகக் கொண்டார். மகிழ்ச்சி என்று பொருள்படும் தந்தையின் பெயர் ஒரு கொடிய நோய்க்கு வழங்கும் பெயராகும் என்று அன்று யார் நினைத்திருப்பர்?

இளமையிலேயே தாயை இழந்த இவர் பாட்டியாரிடம் வளர்ந்தார். சிறுபருவத்தின் ஒரு பகுதி தந்தையாருடன் திமிஷ்க் நகரில் கழிந்தது. இராணுவ மருத்துவக் கல்வி பெற்று 1910இல் மருத்துவரானார். தோல் நோய்களிலும் மேக நோய்களிலும் தனித்தேர்ச்சி பெற்றார். முதல் உலகப் போரின்போது எதிர்னே இராணுவ மருத்துவமனையில் பணியாற்றினார். போர் முடியும் தறுவாயில் புடாபெஸ்ட், பெர்லின் ஆகிய நகரங்களுக்குச் சென்று மேற்பயிற்சி பெற்றுத் தாயகம் திரும்பினார். பழைய தாருல் ஃபுனூன் கலைக்கப்பட்டு 1933இல் இஸ்தம்பூல் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் தோல் நோய்த் துறைக்குத் தலைவரானார். இட்லரின் கொடுமைக்கு அஞ்சி ஜெர்மனியை விட்டு வெளியேறிய பேராசிரியர் பலருக்கு அப்பல்கலைக்கழகம் புகலிடம் அளித்த காலமும் அதுவே.

இவருடைய வாழ்வில் திருப்பமான நோயாளி வந்து சேர்ந்தது 1924–25ஆம் ஆண்டளவில். கிலாஃபத் ஒழிக்கப்பட்டு, அச்செய்தியால் தமிழகத்திலும் துருக்கித் தொப்பி அணிந்த பெரியோர் கண்ணீர் சிந்திய காலம் அது. உலகமே இஸ்தம்பூலின் அரசியலை நோக்கியிருக்க, ஒரு மருத்துவர் ஒரு நோயாளியின் வாயையும் கண்ணையும் நோக்கிக் கொண்டிருந்தார். அம்மனிதர் பல ஆண்டுகள் இஸ்தம்பூலிலும் வியன்னாவிலும் மருத்துவர் பலரைக் கண்டு அலுத்தவர். சிலர் மேகநோய் என்றனர். சிலர் காசநோய் என்றனர். சிலர் ஏதோ நுண்ணுயிரின் வேலை என்றனர். கண்ணில் அறுவை நடந்தது, பயன் விளையவில்லை. பார்வை மங்கிக்கொண்டே சென்றது.

பெஹ்ஜெத் இந்நோயாளியை ஒரு நாள் கண்டு மருந்தெழுதி அனுப்பிவிடவில்லை. ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்தார். 1930இல் அதே குறிகளுடன் ஒரு பெண் வந்தார். 1936இல் மற்றொரு ஆண் வந்தார். மூவரிடமும் வாய்ப்புண், மறைவுறுப்பில் புண், கண்ணின் உள்ளழற்சி ஆகிய மூன்றும் மீண்டும் மீண்டும் தோன்றி மறைந்தன. இவை மூன்று நோய்கள் அல்ல, ஒரே நோயின் மூன்று முகங்கள் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1937இல் ஜெர்மன் மொழித் தோல் மருத்துவ வார ஏடொன்றில் அதனை வெளியிட்டார்.

நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்று அக்கட்டுரையில் அவர் கருதியது பின்னர் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் நோய் ஒன்றே என்பது மறுக்கப்படாமல் நின்றது. எளிதில் நின்றதென்றும் கூறவியலாது. கண் மருத்துவர் ஒப்புக்கொண்ட பின்னரும் தோல் மருத்துவர் பலர், இது பழைய நோய்களின் கலப்பே என்று வாதிட்டனர். 1947இல் ஸூரிக் நகரத்துப் பேராசிரியர் ஒருவர் முன்மொழிய, 'பெஹ்ஜெத் நோய்' என்னும் பெயர் நிலைபெறலாயிற்று. அடுத்த ஆண்டு, 1948 மார்ச் 8ஆம் நாள், மாரடைப்பால் பெஹ்ஜெத் உலக வாழ்வை நீத்தார்.

நீதியை முன்னிட்டு இன்னொருவர் பெயரையும் இங்கே கூறல் வேண்டும். புர்ஸாவில் பிறந்த கிரேக்கக் கண் மருத்துவர் பெனடிக்டோஸ் அதமந்தியாதிஸ் என்பார், 20 வயது இளைஞர் ஒருவரிடம் இதே குறிகளைக் கண்டு 1930இல் ஏதென்ஸில் உரைத்து, 1931இல் வெளியிட்டிருந்தார். ஆதலின் சிலர் இருவர் பெயரையும் இணைத்து இந்நோயை வழங்குவர். கிரேக்கரும் துருக்கியரும் போரிட்டுப் பகை கொண்டிருந்த காலத்தில், இரு தரப்பிலும் ஒவ்வொருவர் ஒரே உண்மையை நெருங்கிக் கொண்டிருந்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே புக்ராத் என நம் நூல்கள் குறிக்கும் ஹிப்போக்ரதீஸின் ஏடுகளில் வாய்ப்புண்ணும் மறைவுறுப்புப் புண்ணும் கண்நோயும் ஒருங்கே கூறப்பட்டிருப்பதையும் ஆராய்ச்சியாளர் சுட்டுவர்.

மூளையைச் சென்றடைந்த நோய்

பெஹ்ஜெத் கூறியவை மூன்று உறுப்புகள். ஆனால் இந்நோயின் வேர் தனியோர் உறுப்பில் இல்லை என்பது பின்னரே தெளிவாயிற்று. உடலைக் காக்க இறைவன் அமைத்த எதிர்ப்பாற்றல், பகைவன் இல்லாத இடத்திலும் வாளெடுத்து இரத்தக் குழாய்களைத் தாக்குகிறது. தமனி, சிரை என்றும், பெரியது, சிறியது என்றும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. இரத்தக் குழாய் செல்லாத உறுப்பு அரிது. ஆதலின் நோய் செல்லாத உறுப்பும் அரிது. தோலில் கொப்புளம், மூட்டில் வீக்கம், குடலில் புண், காலில் இரத்தக் கட்டி என அது எங்கும் தலைகாட்டும்.

மூளையிலும் நரம்புகளிலும் இந்நோயின் குறிகள் 1941இல் க்னாப் என்பவரால் எடுத்துரைக்கப்பட்டன. 1954இல் இத்தாலியராகிய கவாரா, தெர்மோ ஆகிய இருவரும் 'நரம்பு பெஹ்ஜெத்' என்று பொருள்படும் தனிப் பெயரை அதற்கு இட்டனர். இந்நோயுடையோர் அனைவருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. ஏறத்தாழ 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே நேரும், ஆண்களிடம் மிகுதி. வாய்ப்புண் முதலியன தோன்றிச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே மூளையின் முறையீடு கேட்கும். இடைப்பட்ட காலத்தில் நோயாளி தம் பழைய புண்களை மறந்தே போயிருப்பார் என்பதுதான் இதிலுள்ள இடர்.

மூளையை இந்நோய் இருவழிகளில் வருத்துகிறது. முதல் வழியில், மூளையின் சதைப்பகுதியே அழற்சியுறுகிறது. மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டுதான் இதில் பெரும்பாலும் இலக்காகும். காய்ச்சல், தலைநோவு, நாக்குழறல், நடை தள்ளாடல், காட்சி இரட்டையாகத் தோன்றல், ஒருபக்கக் கைகால் வலுவிழத்தல் ஆகியன உண்டாகும். சிலருக்கு நினைவு மங்கும், இயல்பு மாறும், அமைதியானவர் சினப்பார், கலகலப்பானவர் ஊமைபோல் இருப்பார். இரண்டாம் வழியில், மூளையின் கழிவிரத்தத்தை வெளிக்கொணரும் பெருஞ்சிரைகளில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்போது தலைநோவும் வாந்தியும் பார்வை மங்கலும் தோன்றும். முதல் வழியே மிகுதியாகக் காணப்படுவது.

நோயை அறிய எம்.ஆர்.ஐ. எனும் காந்தப் படமும், முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் நீரின் சோதனையும் உதவுகின்றன. ஊசியால் குத்திய இடத்தில் ஓரிரு நாளில் சிறு கொப்புளம் எழுவதும் இந்நோயின் ஓர் அடையாளம். எனினும் இது இன்ன நோய் என்று அறுதியிட்டுரைக்கும் தனிச் சோதனை எதுவும் இல்லை. 1990இல் பன்னாட்டு மருத்துவர் குழு ஒன்று நெறி வகுத்தது. ஓராண்டில் மூன்று முறையேனும் வாய்ப்புண் வந்திருக்க வேண்டும். அதனோடு மறைவுறுப்புப் புண், கண் அழற்சி, தோல் குறி, ஊசிக் கொப்புளம் ஆகிய நான்கில் இரண்டேனும் இருத்தல் வேண்டும். 2014இல் வெளியான புதிய பன்னாட்டு நெறியில்தான் நரம்பு மண்டலத்தின் குறிகளுக்கும் கணக்கில் இடம் அளிக்கப்பட்டது. பெஹ்ஜெத்தின் கட்டுரைக்கும் அதற்கும் இடையே 77 ஆண்டுகள்! மூளையின் முறையீடு ஏட்டில் ஏற அத்துணைக் காலம் ஆயிற்று.

மருந்தின் வரலாறும் கூறத்தக்கது. அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து அமெரிக்காவில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக அளிக்கப்பட்டது 1948 செப்டம்பரில். பெஹ்ஜெத் மறைந்து ஆறு திங்கள் கழித்து. தாம் கண்ட நோயைத் தணிக்கும் மருந்தைக் காண அவருக்கு வாழ்நாள் வாய்க்கவில்லை. இன்று மூளை அழற்சியுற்றால் ஸ்டீராய்டை மிகுந்த அளவில் நாளத்தின் வழியே செலுத்திப் பின்னர்ப் படிப்படியாகக் குறைக்கின்றனர். நோய் திரும்பாதிருக்க அஸதியோப்ரின் போன்றவற்றையும், கடுமையான நிலையில் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற புதிய மருந்துகளையும் சேர்க்கின்றனர். கண்ணுக்கு நலம் செய்யும் சைக்ளோஸ்போரின் மூளைக்குத் தீங்காகலாம் என்பதால், மூளை தொடப்பட்டோருக்கு அதனைத் தவிர்க்கின்றனர். ஓர் உறுப்பின் மருந்து மற்றோர் உறுப்புக்கு நஞ்சாகலாம் என்பதும் முஷாரகத்தின் பாடமன்றோ?

நம் ஹகீம்கள் மூட்டு வாதத்துக்கு வழங்கிய 'ஸூரிஞ்சான்' கிழங்கின் இனத்திலிருந்து எடுக்கப்படும் கால்ச்சிசின், 1975இல் ஜப்பானிய மருத்துவர் இருவரால் இந்நோய்க்குப் பரிந்துரைக்கப்பட்டது. புண்களுக்கும் மூட்டுக்கும் அது இன்றும் வழங்கப்படுகிறது. ஆயினும் அளவு மிஞ்சினால் உயிரைக் கொள்ளும் மருந்து அது. தானே வாங்கி உண்ணத்தக்கதன்று.

பட்டுப் பாதையும் நம் நாடும்

இந்நோய் உலகெங்கும் ஒரே அளவில் இல்லை. துருக்கி, ஈராக், ஈரான் முதலாக ஜப்பான் வரை, பண்டைய வணிகர் ஒட்டகங்களில் பட்டுச் சுமந்து சென்ற பாதையை ஒட்டியே மிகுதியாகக் காணப்படுகிறது. ஆதலின் 'பட்டுப் பாதை நோய்' என்று அதற்கு மறுபெயரும் உண்டு. துருக்கியில் நடந்த கணக்கெடுப்புகள் ஒரு லட்சம் பேருக்கு 20 முதல் 420 பேர் வரை எனக் கூறுகின்றன. ஜப்பானியர் ஷிகேயாகி ஓனோ 1973இல் இந்நோய்க்கும் பிறவி வழி வரும் ஓர் இரத்த அணுக் குறிக்கும் தொடர்புண்டெனக் காட்டினார். அக்குறியுடையோரில் பெரும்பாலார்க்கு நோய் வருவதில்லை. ஜெர்மனியில் குடியேறிய துருக்கியரிடம் நோய் தாயகத்தாரைவிடக் குறைவாகவும், ஜெர்மானியரைவிட மிகுதியாகவும் உள்ளது. பிறப்பும் வாழிடமும் சேர்ந்தே இதனை விளைவிக்கின்றன என்பதற்கு இது சான்று. இது தொற்று நோயன்று. ஒருவர் தொட்டு மற்றவர்க்கு வருவதில்லை.

இந்தியாவில் இந்நோய் குறைவே, ஆயினும் உண்டு. டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக மருத்துவர்கள் இந்திய நோயாளிகளைப் பற்றிய ஆராய்ச்சியை 1995இல் வெளியிட்டனர். தமிழகம் மூளை மருத்துவத்தில் பின்தங்கிய நாடன்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி 1950இலும் மூளை அறுவைத் துறைகளைத் தொடங்கினர். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை, இளையாத்தங்குடி போன்ற செட்டிநாட்டுச் சிற்றூர் மக்களுக்கும் எட்டும் தொலைவிலேயே உள்ளது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மூட்டுவாத நோய்களுக்கெனத் தனித் துறை உண்டு. இத்தகைய நோய்கள் அத்துறையாரின் பொறுப்பில் அடங்குவன.

மருத்துவர் உளர், மருந்தும் உண்டு. தடையாக நிற்பவை வேறு இரண்டு.

நாணமும் சங்கிலியும்

முதல் தடை, நாணம். நம் பக்கத்து இல்லங்களில் வாய்ப்புண் என்றால் உடற்சூடு என்று கூறி, மணத்தக்காளிக் கீரையைக் கடைந்து கொடுப்பர். பெரும்பாலான வாய்ப்புண்ணுக்கு அது போதும், அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் திங்கள்தோறும் திரும்பி வரும் புண்ணோடு மறைவிடத்திலும் புண் தோன்றினால், அதனை எவரிடமும் கூறாது மறைக்கின்றனர். மேகநோய் என்று பழிப்பரோ என்னும் அச்சம்! கணவனிடம் மனைவி கூறாள். தாயிடம் மகன் கூறான். கண் மருத்துவரிடம் கண்ணை மட்டும் காட்டுவர். நரம்பு மருத்துவரிடம் தலைநோவை மட்டும் உரைப்பர். பங்காளிகளின் ஏடுகளைத் தனித்தனியே பூட்டி வைத்தால் கணக்கர் என்ன செய்வார்? பெஹ்ஜெத்தின் முதல் நோயாளியையும் மேகநோயாளர் என்றே சிலர் கருதினர். ஒழுக்கமுள்ள மனிதர் எத்தனை பேர் இவ்வாறு பழி சுமந்து வாய்மூடி மாண்டிருப்பர்!

நாணம் ஈமானின் ஒரு கிளை என்பது மெய்யே. ஆயினும் அன்ஸாரிப் பெண்மணிகளை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியது, மார்க்க அறிவைத் தேடுவதற்கு நாணத்தை அவர்கள் தடையாக்கிக் கொள்ளவில்லை என்பதற்காகவே அன்றோ? மறைவான நிலைகளைப் பற்றிய ஐயங்களை அவர்கள் பெருமானாரின் (ஸல்) திருமுன் வைத்துத் தெளிந்தனர். தூய்மைச் சட்டங்களை அறிய அந்த நாணம் தடையாகாதெனில், உயிரைக் காக்க மருத்துவரிடம் உரைப்பதற்கு எங்ஙனம் தடையாகும்?

இரண்டாம் தடை, மூளையின் நோயைப் பேயின் வேலை என்று கொள்வது. இயல்பு மாறி, நினைவு தடுமாறி, பொருந்தாச் சொல் பேசும் இளைஞனைக் கண்டால், ஜின் தீண்டிற்று என முடிவு கட்டுவோர் நம்மிடையே இன்றும் உளர். ஓதிப் பார்க்கும் பொறுப்பில் உள்ள நம் போன்ற ஆசிரியர்களிடம் அவனை அழைத்து வருவர். ஜின் இனம் உண்டென்பது குர்ஆன் கூறும் உண்மை. ஓதிப் பார்ப்பதும் ஸுன்னத்தில் இடம் பெற்றதே. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவியதும் அதே ஸுன்னத்தே. ஓதுபவர் முதலில் கேட்க வேண்டிய வினாக்கள் உள்ளன: காய்ச்சல் உண்டா? தலை நோகிறதா? நடை தள்ளாடுகிறதா? வாயில் புண் வந்து வந்து போனதுண்டா? கண் சிவந்ததுண்டா? இவற்றுள் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்னும் விடை வந்தால், ஓதிய கையோடு அவனை மருத்துவமனைக்கு அனுப்புவதே அமானிதத்தை நிறைவேற்றுவதாகும். மூளையழற்சியில் நாள்களும் விலை மதிப்புடையன. இன்று தணிக்கத்தக்க வீக்கம், காலம் தாழ்ந்தால் ஆறாத வடுவாகும்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் நிகழ்ந்ததை நாம் மறக்கவியலாது. மனநோயாளரை வைத்திருந்த கொட்டகை ஒன்று விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட வழியின்றி மாண்டனர். அவர்களுள் பல சமயத்தாரும் இருந்தனர். நலம் வேண்டி அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் கொடியவர் அல்லர். வேறு வழி அறியாதவர். மூளையின் நோய் ஆளுக்கு ஆள் வேறு; சங்கிலிக்கு அவ்வேறுபாடு தெரியாது. அந்நிகழ்ச்சிக்குப் பின் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. குஜராத்தில் உனாவா என்னுமூரின் மீரா தாதார் தர்காவில் 2008இல் மருந்தையும் துஆவையும் இணைத்து மருத்துவர் பணியாற்றும் திட்டம் தொடங்கியது. ஏர்வாடியிலும் பின்னர் அத்தகைய ஏற்பாடு வந்தது.

இது நமக்குப் புதிய நெறியன்று. நாம் மறந்த பழைய நெறி. சிறுவர் பெஹ்ஜெத் வாழ்ந்த திமிஷ்க் நகரில் சுல்தான் நூருத்தீன் 1154இல் எழுப்பிய பீமாரிஸ்தானும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவியதும் மனநோயாளருக்கும் இடம் அளித்து, வக்ஃபு வருவாயில் மருந்தளித்தன. பெஹ்ஜெத் பின்னாளில் பணியாற்றிய எதிர்னேயிலும் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் கட்டி முடித்த மருத்துவமனை இருந்தது. அங்கே நோயாளர் மனம் அமைதியுற நீரோசையும் இன்னிசையும் பயன்படுத்தப்பட்டதை 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதி வைத்துள்ளார். மூளை நோயுற்றவன் மருந்துக்குரிய நோயாளி என்பதை அம்மன்னர்கள் கட்டடமாகவே எழுதி வைத்தனர்.

குடும்பத்தாருக்கு நாம் கூற விரும்புவது எளியது. அடிக்கடி நோயுறும் ஒருவர் இல்லத்தில் இருப்பின், சிறு குறிப்பேடு ஒன்றில் நாளும் நோவும் குறித்து வாருங்கள். வாய்ப்புண் எப்போது வந்தது, எத்தனை நாள் நின்றது, கண் எப்போது சிவந்தது, மூட்டு எப்போது வீங்கியது, மறைவிடத்தில் புண் உண்டா என்பனவற்றை விடாமல் எழுதுங்கள். எந்த உறுப்புக்காக மருத்துவரிடம் சென்றாலும் அவ்வேட்டை அவர் முன் வையுங்கள். பெஹ்ஜெத் பல்லாண்டு நோக்கித் திரட்டியதும் அத்தகைய குறிப்புகளையே. ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை நலம் கண்டதும் தாமே நிறுத்திவிடாதீர்கள். நோய் முன்னினும் கடுமையாகத் திரும்பும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் மூளைக் காசநோய்க்கும் இதற்கும் குறிகள் ஒத்திருக்கும், மருந்தோ வேறு. ஆதலின் மருத்துவர் கேட்கும் சோதனைகளுக்கு இணங்குங்கள்.

உடல் வல்ல அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் உறுப்புகள் ஒன்றுக்கொன்று சாட்சிகள். வாய் கூறும் சாட்சியத்தைக் கேட்காமல் மூளையின் வழக்கைத் தீர்ப்பது நீதியாகாது. நோயுற்றோர் அனைவருக்கும் அவன் ஷிஃபா அருள்வானாக! அவர்களைப் பழிக்காமல் தாங்கும் உள்ளத்தை நமக்கு அருள்வானாக! ஆமீன்.